எலிக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்றா? மரபணு மாற்றுப் பயிர்களின் உணவுச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணு மாற்றுப் பயிர் என்று பேச்செடுத்தால் போதும், இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் எலி வந்துவிடும். "எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்பார் ஒருவர். "எலிக்குக் கொடுத்தார்கள், உடம்பெல்லாம் கட்டி, படமே இருக்கிறது" என்பார் இன்னொருவர். இருவரும் சொல்லும் சோதனைகள் உண்மையிலேயே நடந்தவைதான். அவற்றிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதில்தான் தகராறு. இந்தியாவில் இந்தச் சோதனைகளை எல்லாம் முடித்து, ஒப்புதல் குழுவின் சம்மதத்தையும் வாங்கி, வயலுக்குப் போகும் நேரத்தில் நிறுத்தப்பட்ட பயிர் பி.டி. கத்தரிக்காய். ஆகவே பெரும்பாலும் அதை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

பி.டி. கத்தரிக்காய் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சொத்தைக் கத்தரிக்காயை நறுக்கினால் உள்ளே நெளியுமே, அந்தப் புழுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். இளந்தண்டையும் காயையும் துளைத்து உள்ளே போய்விடுவதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. விவசாயி திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பார். மண்ணில் இருக்கும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியா, புழுக்களைக் கொல்லும் ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்த வகைப் புரதங்களில் ஒன்றான கிரை1ஏசி-க்கு உரிய மரபணுவைக் கத்தரிச் செடியில் ஏற்றியது மஹிகோ என்ற விதை நிறுவனம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை வாங்கி கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய நம்மூர் ரகங்களில் சேர்த்தது.

2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சரி என்றது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அந்தத் தடை இன்னும் விலகவில்லை. அதே கத்தரிக்காய்க்கு பங்களாதேஷ் 2013 இல் அனுமதி கொடுத்தது. 2014 முதல் அங்கே பயிராகிறது.

எந்தெந்த விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்?

எலி, முயல், வெள்ளாடு, கறிக்கோழி, கெண்டை மீன், கறவை மாடு. எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எலியில் பார்ப்பது நச்சுத்தன்மை. முயலின் தோலில் தடவிப் பார்ப்பது எரிச்சல், அரிப்பு வருகிறதா என்று. பிரவுன் நார்வே என்ற தனி எலி ரகத்தில் பார்த்தது ஒவ்வாமை. கோழியிலும் மாட்டிலும் பார்ப்பது பெரும்பாலும் தீவனத் தரம்தான்: எடை கூடுகிறதா, பால் குறைகிறதா என்று.

கறிக்கோழிச் சோதனை 42 நாள். கேட்டால் குறைவாகத் தோன்றும். ஆனால் கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தெரியும், கறிக்கோழியின் ஆயுளே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 40 கிராம் குஞ்சு அதற்குள் 2 கிலோவைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் வளரும் உயிருக்குத் தீவனத்தில் சின்னக் குறை இருந்தாலும் தராசில் காட்டிக்கொடுத்துவிடும். சத்துக் குறைபாட்டைப் பிடிக்க இது நல்ல சோதனை. புற்றுநோயைப் பற்றி இது எதுவும் சொல்லாது. மாட்டுக்கும் 42 நாள்தான் கொடுத்தார்கள். அதிலிருந்து பால் அளவைப் பற்றிச் சொல்லலாம், மாட்டின் நீண்டநாள் ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

90 நாள் எலிச் சோதனை என்கிறார்களே, உள்ளே என்ன நடக்கிறது?

ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த 408 ஆம் எண் வழிகாட்டிதான் இதற்கு அடிப்படை. வேதிப்பொருள்களுக்காக 1981 இல் எழுதப்பட்டது. அதையே முழு உணவுக்கும் பொருத்திக்கொள்கிறார்கள்.

தாய்ப்பால் மறந்து சில வாரங்களே ஆன இளம் எலிகளை எடுத்துக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மரபணு மாற்றிய பயிர் சேர்ந்த தீவனம். இன்னொன்றுக்கு அதே ரகத்தின் மாற்றப்படாத பயிர். இந்த இரண்டாவதில்தான் பல சோதனைகள் கோட்டை விடுகின்றன. இரண்டும் ஒரே வயலில், ஒரே பருவத்தில் விளைந்திருக்க வேண்டும். வேறு வேறு இடத்தில் விளைந்ததை எடுத்தால், மண், மழை, பூஞ்சை என்று ஏதாவது ஒன்று வித்தியாசம் காட்டும், பழி மரபணுவின்மேல் விழும். நல்ல ஆய்வுகளில் கடையில் கிடைக்கும் வேறு சில ரகங்களையும் தனிக் குழுக்களுக்குக் கொடுப்பார்கள். சாதாரண ரகங்களுக்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றதை மதிப்பிட முடியும்.

அப்புறம் தினமும் கவனிப்பு. வாரா வாரம் எலியையும் நிறுப்பார்கள், அது மிச்சம் வைத்த தீவனத்தையும் நிறுப்பார்கள். கண் பரிசோதனை உண்டு. முடிவில் ரத்தம் எடுத்து, நாம் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு வருகிற அதே பட்டியலைப் பார்ப்பார்கள்: ஹீமோகுளோபின், வெள்ளணுக்கள், கல்லீரல் நொதிகள், கிரியாட்டினின், கொழுப்பு. பிறகு எலியைக் கொன்று கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல், இதயம், மூளை, விரை, சூலகம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுப்பார்கள். உறுப்புகளை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஒரு நோயியல் நிபுணர் உட்கார்ந்து பார்ப்பார். எந்தச் சீவல் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

கத்தரிக்காயை அப்படியே எலிக்கு வைப்பார்களா?

இல்லை. கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அப்படியே வைத்தால் எலிக்கு வயிறுதான் நிறையும். உலர்த்திப் பொடியாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

மருந்துக்குச் செய்வதுபோல நூறு மடங்கு கொடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே?

மிக நியாயமான கேள்வி. விடை கணக்கில் இருக்கிறது.

பூச்சிமருந்து, நிறமி போன்றவற்றில் விலங்குக்குத் தீங்கு செய்யாத அளவைக் கண்டுபிடித்து, அதை நூறால் வகுத்து மனிதருக்கான வரம்பை வைப்பது வழக்கம். இதையே அரிசிக்குச் செய்து பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுகிறார் என்றால், ஒரு கிலோ எடைக்கு 5 கிராம். நூறு மடங்கு என்றால் 500 கிராம். கால் கிலோ எலி தினமும் 125 கிராம் அரிசி தின்றாக வேண்டும். அது ஒரு நாளில் தின்பதோ மொத்தமே 20 கிராம் அளவுக்குத்தான்.

சரி, முடிந்தவரை கொடுப்போம் என்று தீவனத்தில் கத்தரிப்பொடியை ஏற்றிக்கொண்டே போனாலும் சிக்கல். எலிக்குப் புரதம் குறையும், சத்துச் சமநிலை கெடும். போதாததற்கு உருளை, தக்காளி, கத்தரி குடும்பத்துக்கே உரிய இயற்கை நச்சு ஆல்கலாய்டுகள் வேறு இருக்கின்றன. எலிக்கு நோய் வந்தால் மரபணு காரணமா, கத்தரிக்காய் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். அதனால்தான் மக்காச்சோள ஆய்வுகளில் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்படியானால் அந்தப் புரதத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கலாமே?

கொடுக்கிறார்கள். இங்கே அளவை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். ஒரு கிலோ எடைக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் கிரை புரதத்தைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். செடியில் இருப்பது இதோடு ஒப்பிட்டால் துளி.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. செடியிலிருந்து அவ்வளவு புரதத்தைப் பிரித்தெடுப்பது முடியாத காரியம் என்பதால், பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தனியாக நிரூபித்துக் காட்ட வேண்டும். செடி சில சமயம் புரதத்தின்மேல் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டிவிடும். இது ஏதோ ஏட்டளவு சந்தேகம் என்று தோன்றினால், கீழே பட்டாணிக் கதையைப் படியுங்கள்.

புழுவைக் கொல்கிற புரதம் மனிதரை மட்டும் விட்டுவிடுமா?

இந்தக் கேள்விக்கு எலியைவிட நல்ல பதில் புழுவின் குடலில் இருக்கிறது. புழுவின் நடுக்குடல் காரத்தன்மை உடையது. அங்கே கிரை புரதம் கரைந்து, நொதிகளால் வெட்டப்பட்டு, குடற்சுவரில் இருக்கும் குறிப்பிட்ட ஏற்பிகளில் போய் ஒட்டி, ஓட்டை போடுகிறது. நம் இரைப்பையில் இருப்பது அமிலம். அங்குள்ள பெப்சின் இந்தப் புரதத்தைச் சீக்கிரமே துண்டுதுண்டாக்கிவிடும். புழுவிடம் இருக்கும் அந்த ஏற்பிகள் பாலூட்டிகளின் குடலில் இல்லை. போதாக்குறைக்கு நாம் கத்தரிக்காயை வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமும் எலியில் கிடைத்த முடிவும் ஒரே பக்கம் காட்டும்போது நம்பிக்கை கூடும். எலியை மட்டும் வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

90 நாள் போதுமா? மனிதன் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிறானே?

ஆய்வக எலி இரண்டு, இரண்டரை ஆண்டு வாழும். 90 நாள் என்பது அதில் எட்டில் ஒரு பங்கு. அதுவும் வளரும் பருவம். பெரும்பாலான நச்சுகள் இதற்குள் ஏதாவது ஒரு உறுப்பில் தடயம் காட்டிவிடும் என்பது நச்சியல் அனுபவம். புற்றுநோயையும் அடுத்த தலைமுறையில் தெரியும் விளைவையும் கண்டறிய இது போதாது. அவற்றுக்குத் தனி வழிகாட்டிகள் இருக்கின்றன. புற்றுநோய்ச் சோதனை என்றால் இரண்டு ஆண்டு, ஒவ்வொரு குழுவிலும் ஆண் 50, பெண் 50 என்பது குறைந்தபட்சம்.

90 நாள் சோதனையில் எத்தனை எலி?

ஒரு குழுவுக்கு ஆண் 10, பெண் 10. நாள்களைப் பற்றி எல்லோரும் சண்டை போடுகிறார்கள், இந்த எண்ணிக்கையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

நூற்றில் ஒருவரைப் பாதிக்கும் ஒரு கோளாறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்டளவில் அது பெரும் நோய். 20 எலிகளில் ஒன்றுக்காவது அது வருவதற்கான வாய்ப்பு 18 சதவீதம்தான். அப்படி ஒன்றுக்கு வந்தாலும், "தற்செயல்" என்று ஒதுக்கிவிடுவார்கள். 20 எலியிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், கணிதப்படி அடித்துச் சொல்லக்கூடியது இதுதான்: அந்தக் கோளாறு ஏறத்தாழ 14 சதவீதத்தைவிட அடிக்கடி வருவதாக இருந்தால் அநேகமாக நமக்குத் தெரிந்திருக்கும். அதற்குக் கீழே எது இருந்தாலும் நழுவிப்போகலாம்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. எடை, ரத்தம், உறுப்புகள் என நூறு விஷயங்களை ஒப்பிட்டால், எந்தத் தீங்கும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஐந்தில் "குறிப்பிடத்தக்க வித்தியாசம்" என்று புள்ளியியல் காட்டும். அந்த ஐந்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆபத்து என்று எழுதலாம். ஐந்தையும் தள்ளிவிட்டுப் பாதுகாப்பு என்றும் எழுதலாம். இரண்டும் நடக்கிறது. ஒரு மாற்றம் உண்மையா என்று பார்க்க, அளவு கூடக் கூட அதுவும் கூடுகிறதா, ஆண் பெண் இரண்டிலும் தெரிகிறதா, சம்பந்தப்பட்ட மற்ற அளவுகளும் கூடவே மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கல்லீரல் நொதி ஏறியிருந்து, கல்லீரல் எடையும் சீவலும் இயல்பாக இருந்தால், அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது.

புஸ்தாய் என்ற விஞ்ஞானியை உண்மையைச் சொன்னதற்காக வேலையை விட்டுத் தூக்கினார்களாமே?

அர்பாத் புஸ்தாய் ஹங்கேரியில் பிறந்தவர், ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ரோவெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். பனித்துளிப் பூச்செடியின் லெக்டின் என்ற புரதத்தைச் சேர்த்த உருளைக்கிழங்கை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். 1998 ஆகஸ்டில், ஆய்வு எங்கும் பிரசுரமாவதற்கு முன்பே, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் எலிகளின் வளர்ச்சியும் நோய் எதிர்ப்பும் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார். சில நாளிலேயே நிலையம் அவரை இடைநீக்கம் செய்து, வாயையும் கட்டிவிட்டது. அவரை அவர்கள் நடத்திய விதம் அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆய்வு நல்ல ஆய்வா என்பது தனிக் கேள்வி. குழுவுக்கு 6 எலி. மாற்றிய கிழங்கிலும் மாற்றாத கிழங்கிலும் புரத அளவு ஒன்றாக இல்லை. வேகவைக்காத உருளைக்கிழங்கு எலிக்கு எப்படியும் ஒத்துக்கொள்ளாது. 1999 இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் ஆராய்ந்து, இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றது. அதே ஆண்டு அக்டோபரில் லான்செட் என்ற மருத்துவ இதழ் ஆய்வின் ஒரு பகுதியை வெளியிட்டது. செய்ய வேண்டியிருந்தது எளிது: கூடுதல் எலிகளோடு, சரியான ஒப்பீட்டுக் கிழங்கோடு அதையே திரும்பச் செய்திருக்கலாம். யாரும் செய்யவில்லை. கால் நூற்றாண்டாக ஒரு பக்கம் அவர் தியாகி, மறுபக்கம் கோமாளி.

கட்டி வந்த எலிகளின் படம் பொய்யா?

படம் உண்மை. பிரான்ஸில் செராலினி என்ற விஞ்ஞானியின் குழு 2012 இல் வெளியிட்டது. களைக்கொல்லியைத் தாங்கும் என்.கே.603 மக்காச்சோளத்தையும், ரவுண்டப் களைக்கொல்லியையும் 200 எலிகளுக்கு இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். எலிகள் ஸ்பிரேக்-டாவ்லி ரகம். இந்த ரகத்துக்கு வயதாகும்போது எந்தத் தீவனம் தின்றாலும் பெரும்பாலானவற்றுக்குக் கட்டி வரும். குழுவுக்கு 10 ஆண், 10 பெண். ஒன்பது சோதனைக் குழுக்களுக்கு ஒரே ஒரு ஒப்பீட்டுக் குழு. அளவு கூடினால் பாதிப்பும் கூடுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஒப்பீட்டுக் குழுவிலும் கட்டி வந்த எலிகள் இருந்தன, அவற்றின் படம் மட்டும் வரவில்லை.

ஆய்வை வெளியிட்ட இதழ் 2013 நவம்பரில் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மோசடி என்று அது சொல்லவில்லை, முடிவுக்கு ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது. 2014 இல் வேறொரு இதழில் மறுபடி வெளியானது. இதில் எனக்கு எரிச்சல் தந்தது எலியைவிடப் பத்திரிகையாளர்களிடம் நடந்த கூத்து. வேறு விஞ்ஞானிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் கட்டுரை முன்கூட்டியே கிடைத்தது. தன் ஆய்வின்மேல் நம்பிக்கை உள்ளவர் அப்படிச் செய்வாரா?

ஒரு நல்ல விளைவு: ஐரோப்பிய ஒன்றியம் பொதுப்பணத்தில் ஜி-ட்விஸ்ட் என்ற திட்டத்தைத் தொடங்கி, அதே மக்காச்சோளத்தை 90 நாள், ஓராண்டு, இரண்டாண்டு என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2018 இல் முடிந்தது. தீங்கு எதுவும் தெரியவில்லை.

விலங்குச் சோதனை எப்போதாவது எதையாவது கண்டுபிடித்திருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் வண்டு தாக்காத பட்டாணியை உருவாக்கியது. பீன்ஸில் இயல்பாக இருக்கும் ஒரு புரதத்தைப் பட்டாணியில் சேர்த்திருந்தார்கள். நாம் தின்னும் பீன்ஸிலேயே இருப்பதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது? சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அவற்றின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்கு எதிராகக் கிளம்பியது, நுரையீரலில் அழற்சி வந்தது. பட்டாணிச் செடி அந்தப் புரதத்தின்மேல் சர்க்கரையைச் சற்று வேறுவிதமாக ஒட்டியிருந்தது. 2005 இல் இது வெளியானது. ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பு, அத்தோடு திட்டத்தைக் கைவிட்டார்கள். சோதனை வேலை செய்தது என்பதற்கு இதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2013 இல் வேறு குழு இதையே திரும்பச் செய்தபோது, சாதாரண பீன்ஸின் புரதத்துக்கும் சுண்டெலிகள் அதேபோல எதிர்வினை காட்டின. அப்படியென்றால் முதல் சோதனை கண்டது ஆபத்தையா, சுண்டெலியின் குணத்தையா?

தலைகீழான உதாரணமும் இருக்கிறது. பயனியர் என்ற விதை நிறுவனம் சோயாவின் சத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் ஒரு புரதத்தைச் சேர்த்தது. அந்தக் கொட்டைக்கு ஒவ்வாமை உள்ள 9 பேரின் ரத்தத்தில் சோதித்தபோது 8 பேரின் ரத்தம் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டது. 1996 இல் இது வெளியானது, அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. இதைக் காட்டிக்கொடுத்தது மனித ரத்தம். உணவு ஒவ்வாமையை நம்பகமாக முன்கூட்டிச் சொல்லும் விலங்கு எதுவும் கிடையாது. பிரவுன் நார்வே எலியில் ஒவ்வாமை இல்லை என்று ஆவணத்தில் எழுதியிருந்தால் அதற்கு அதிக மதிப்புத் தர வேண்டாம்.

கம்பெனியே காசு கொடுத்து, கம்பெனியே சோதித்தால் யார் நம்புவது?

பி.டி. கத்தரிக்காய் விவகாரத்தின் உயிர்நாடி இதுதான். சோதனைகளில் சில தனியார் ஆய்வுக்கூடங்களில் நடந்தன, சில அரசு நிலையங்களில் நடந்தன. கறவை மாட்டுச் சோதனை பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆனால் ஏற்பாடு செய்தது, பணம் கொடுத்தது, காயைக் கொடுத்தது எல்லாம் விண்ணப்பதாரர்தான். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

பெரிய தவறு வேறு இடத்தில் நடந்தது. மூல ஆவணங்களை வெளியிடச் சொல்லி தகவல் அறியும் உரிமைச் சட்டம், நீதிமன்றம் என்று அலைந்த பிறகுதான் 2008 இல் அவை பொதுவெளிக்கு வந்தன. வெளியார் விஞ்ஞானிகள் படித்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சில கேள்விகள் மேலே சொன்ன "நூற்றில் ஐந்து" வகை. சில நியாயமானவை. முன்பே வெளியிட்டிருந்தால் நியாயமான கேள்விகளுக்கு இன்னொரு சோதனை செய்து பதில் சொல்லியிருக்கலாம். ஒளித்துவைத்துவிட்டு அப்புறம் காட்டியதால், சரியான எண்ணும் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. அமைச்சர் நிறுத்திவைத்தபோது சொன்ன காரணங்களில், சுதந்திரமான சோதனை இல்லை என்பது முக்கியமானது.

என்னைக் கேட்டால், விண்ணப்பதாரர் பணத்தை அரசிடம் கட்டட்டும். ஆய்வுக்கூடத்தை அரசு தேர்ந்தெடுக்கட்டும். எந்த மூட்டையில் எது இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்துக்கே தெரியாமல் எண் மட்டும் போட்டுக் கொடுக்கட்டும். புது எலி எதுவும் தேவையில்லை, ஏற்பாடு மாறினால் போதும்.

மற்ற நாடுகளில் எலிச் சோதனை கட்டாயமா?

அமெரிக்காவில் கட்டாயமில்லை. அங்கே 1992 முதல் நிறுவனம் தானாக முன்வந்து உணவு மருந்து நிர்வாகத்தைக் கலந்தாலோசிக்கும் முறை. புதிய பயிரின் சத்து, நச்சு அளவுகளைப் பழைய பயிரோடு ஒப்பிடுவதே மையம். ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் 90 நாள் சோதனையைக் கட்டாயமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், அதே ஒன்றியத்தின் பணத்தில் நடந்த கிரேஸ் என்ற ஆய்வு, எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் முழு உணவை எலிக்குக் கொடுப்பதால் புதிதாகப் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. விஞ்ஞானக் குழு வேண்டாம் என்கிறது, அரசியல் வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2008 நெறிமுறைகளின்படி 90 நாள் எலிச் சோதனை உண்டு.

பருத்திக்கொட்டை மாட்டுக்குப் போகிறது. மதுரையில் பருத்திப்பால் குடிக்கிறோம். அதுவும் பி.டி.தானே?

ஆம், அநேகமாக. பி.டி. பருத்தி 2002 இல் வந்தது, இன்று இந்தியாவில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ரகம். "இந்தியாவில் மரபணு மாற்று உணவே இல்லை" என்று மேடையில் முழங்குபவர்கள் பருத்திக்கொட்டை எண்ணெயையும் பருத்திப்பாலையும் மறந்துவிடுகிறார்கள். அனுமதிக்கு முன் ஆடு, மாடு, எருமை, கோழி, மீன் ஆகியவற்றுக்குத் தீவனச் சோதனை நடந்தது, மாட்டுக்குத்தானே போகிறது என்ற எண்ணத்தில்.

சுத்திகரித்த எண்ணெயில் புரதம் இருக்காது. பருத்திப்பாலில் இருக்கும், ஆனால் கொட்டையை ஊறவைத்து ஆட்டி, பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் போட்டு நன்றாகக் கொதிக்கவிடுகிறார்கள். அந்த வெப்பத்தில் கிரை புரதம் உருக்குலைந்துவிடும். பருத்திக்கொட்டையில் நச்சியல்காரர்கள் எப்போதும் கவனிப்பது காசிபால் என்ற பொருளை. அது நாட்டுப் பருத்தியிலும் உண்டு, மரபணு மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாரங்கலில் பருத்திச் செடியை மேய்ந்து ஆடுகள் செத்தனவே?

2006 வாக்கில் ஒன்றுபட்ட ஆந்திராவில், அறுவடை முடிந்த பி.டி. பருத்திக் காட்டில் மேய்ந்த ஆடுகள் செத்ததாக மேய்ப்பவர்கள் சொன்னார்கள். பி.டி. புரதம்தான் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்றது ஒப்புதல் குழு. பருத்தி என்றாலே மருந்தடித்த காடு, அதனால் பூச்சிமருந்து எச்சத்தின்மேலும் சந்தேகம் போனது. ஆடு செத்ததை நான் மறுக்கவில்லை. பக்கத்திலேயே மருந்தடிக்காத பி.டி. செடியும் மருந்தடித்த சாதாரணச் செடியும் வைத்து ஒப்பிடாதவரை யாராலும் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது.

மரபணு மாற்றிய சோயா தின்ற கோழியின் முட்டை?

சாப்பிடலாம். கோழி அந்தப் புரதத்தையும் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். முட்டையிலும் பாலிலும் அது கண்டறியப்படவில்லை. உங்களுக்குத் தெரியாமலே சாப்பிட்டும் இருப்பீர்கள்: 2021 இல் தீவன விலை ஏறியபோது 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது.

2025 இல் வந்த மரபணுத் திருத்த நெல்லுக்கும் எலிச் சோதனை உண்டா?

கட்டாயமில்லை. வேறு உயிரியின் மரபணுவை நுழைக்காமல், இருக்கும் மரபணுவில் சின்ன வெட்டு, திருத்தம் செய்த பயிர்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்குக் கொடுத்துவிட்டது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கமலா, பூசா டி.எஸ்.டி. 1 நெல் ரகங்கள் இந்த வகை. புதுப் புரதம் எதுவும் இல்லாதபோது எலிக்கு எதைக் கொடுத்து எதைத் தேடுவது என்ற வாதத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நினைத்த இடத்தில் மட்டும்தான் வெட்டு விழுந்திருக்கிறது என்பதற்கான மரபணு வரிசைத் தரவையாவது எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்க வேண்டும். பி.டி. கத்தரிக்காயில் பட்ட சூடு அதற்குள் ஆறிவிட்டது போலிருக்கிறது.

நானே ஆவணங்களைப் படித்துப் பார்க்க முடியுமா?

ஐரோப்பாவுக்கு விண்ணப்பித்த பயிர் என்றால் முடியும். 2021 மார்ச் 27 முதல் அங்கே அமலில் உள்ள வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, நிறுவனங்கள் கொடுக்கும் ஆய்வுகளை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் போட வேண்டும். வணிக ரகசியம் என்று சிலவற்றை மறைக்கலாம், பாதுகாப்பு முடிவுகளை மறைக்க முடியாது. திறந்தவுடன் முடிவுரைக்குப் போகாதீர்கள். எலி எந்த ரகம், குழுவுக்கு எத்தனை, ஒப்பீட்டுப் பயிர் எங்கே விளைந்தது, தீவனத்தில் எத்தனை சதவீதம் என்ற நான்கையும் முதலில் தேடுங்கள். இந்த நான்கில் இரண்டுக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் மீதிப் பக்கங்களைப் புரட்டுவது வீண்.